பொடுகுத் தலையும் அம்மனுக்கு விட்ட முடியும்

நனைந்த நைலான் வலைத்துண்டைத் தலைத்தோலில் வைத்துத் தேய்த்தால் ஒரு சத்தம் வரும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது அவ்வளவாகக் கேட்காது. தேய்க்கப்படுகிறவனுக்கு மட்டும் மண்டையோட்டின் வழியாக, காதுக்கு உள்ளேயே யாரோ உட்கார்ந்து தேங்காய் துருவுகிற மாதிரி கேட்கும். எனக்கு அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயது. நொச்சிக்குப்பத்துக் கரையில், படகு வந்து வலை உதறி முடிந்த காலை வேளைகளில், என் தலையைத் தன் இரண்டு தொடைகளுக்கும் நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டு அப்படித் தேய்த்தவர் என் அப்பா. நாங்கள் அவரை "நைனா" என்று கூப்பிடுவோம்.

பிள்ளைகளே, பொடுகு ஒரு பெரிய நோய் இல்லை. இதைப் படிக்கிற உங்களில் பல பேருக்கு இருக்கும், கறுப்புச் சட்டை போட்டால் தோளில் தெரியும், அவ்வளவுதான். அந்த அவ்வளவு சின்ன விஷயத்துக்காக எங்கள் வீட்டில் ரத்தம் வந்தது. எனக்கு நிறையப் படிப்பு கிடையாது, ஏ.சி. பழுது பார்க்கிற வேலை செய்கிறேன். ஆனாலும் இதை நானே எழுதினால்தான் சரியாக இருக்கும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

அந்த வருஷம் தை மாதத்தில் கடலுக்குப் போன நைனாவின் படகு மோட்டார் கெட்டுப்போய், காற்றும் நீரோட்டமும் சேர்ந்து இழுத்துக்கொண்டு போனதில், அவர் சொன்ன நாளில் கரைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. குப்பத்துப் பெண்கள் எங்கள் வாசலில் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா அழவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எங்கள் குப்பத்து அம்மன் முன்னால் நிறுத்தி, என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துக் காட்டி, இவன் அப்பனைக் கண்ணில் காட்டு, ஆடிக் கூழ் ஊற்றும் நாளில் இந்த முடியை உன் காலடியில் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். கடைசியில் காசிமேட்டு லாஞ்சு ஒன்று, பெரிய விசைப்படகு, நைனாவின் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்து சேர்த்தது. அன்றிலிருந்து என் முடி என்னுடையது இல்லை. அது "அம்மனுக்கு விட்ட முடி". ஆடி வரைக்கும் அதில் கத்திரியோ கத்தியோ படக்கூடாது. பட்டால் வேண்டுதல் முறிந்துபோகும், கொடுத்த உயிரை அம்மன் திருப்பிக் கேட்பாள் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை.

முடி காதை மூடி, சட்டைக் காலரைத் தொட்ட நேரத்தில் வெயிலும் வந்தது, வியர்வையும் வந்தது, பொடுகும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாலையோரத்தில் அம்மா மீன் விற்கும்போது நான்தான் மீனை எடுத்துக் காட்டுவேன், தராசில் போடுவேன். மயிலாப்பூரிலிருந்தும் மந்தைவெளியிலிருந்தும் ஸ்கூட்டரில் வருகிறவர்கள் அம்மாவிடம் வாடிக்கை. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடி போட்ட ஒரு அம்மா நல்ல வஞ்சிரமாகப் பார்த்து வைத்துவிட்டு, நான் தலையைச் சொறிந்த கையோடு அதைத் தூக்கியதையும், என் தோளிலிருந்து வெள்ளையாக என்னமோ மீன்மேல் விழுந்ததையும் பார்த்துவிட்டு, வேண்டாம்மா, அடுத்த வாரம் வாங்கிக்கறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். பக்கத்துக் கடைக் கனகா அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது.

"இன்னா யக்கா, உப்பும் நீயே தூவிக் குடுத்துர்றியா? இனி மசாலா மட்டும் வாங்கினா போதும் போல கீது."

அந்த வரிசையே சிரித்தது. அம்மாவும் கூடச் சிரித்தாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும், மீன் கவிச்சி போகாத கையால் என் கன்னத்தில் விட்டாள் பாருங்கள் ஓர் அறை, இப்போது நினைத்தாலும் அந்தப் பக்கத்துக் கடைவாய்ப்பல் கூசுகிறது.

அடித்த கையாலேயே வெந்தயம் ஊறவைத்து அரைத்துப் பூசியதும் அவள்தான். எலுமிச்சம்பழம் தேய்த்தாள். மயிலாப்பூர் மாடவீதியில் கீரை விற்கிற ஒருவரிடம் கேட்டுப் பொடுதலை இலை வாங்கி வந்து அரைத்துத் தேய்த்தாள். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் அடங்கும். அடங்கியதும், "தல காஞ்சு போச்சு, அதான் உதிருது" என்று தேங்காய் எண்ணெயைக் குளிரக் குளிர ஊற்றுவாள். எண்ணெய் ஊற்றிய மூன்றாம் நாளே பொடுகு முன்னைவிடத் தடிப்பாக வந்து நிற்கும். எங்களுக்கு அது புரியவில்லை. எண்ணெய் பூசாத எதுவும் வெயிலில் வெடித்துப்போகும் என்பதைத்தான் எங்கள் வீட்டில் எல்லாரும் பார்த்திருந்தோம்.

அம்மாவின் வைத்தியம் பலிக்கவில்லை என்றதும் நைனா கையில் எடுத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று, அது படகுக்குச் செய்கிற வைத்தியம். படகின் அடியில் சிப்பி ஒட்டினால் சுரண்டுவார்கள், கடல்தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள், வெயிலில் காயவிடுவார்கள், மரப்படகாக இருந்தால் மீன் எண்ணெய் பூசுவார்கள். இது அத்தனையும் அதே வரிசையில் என் தலைக்கு நடந்தது. வலைத்துண்டால் தேய்க்கும்போது நான் அசைந்தால் பொடனியில் அடி விழும். கத்தினால் இன்னொன்று. "உப்புத்தண்ணியில ஆறாத புண்ணு ஒலகத்துலயே கிடையாது" என்று சொல்லிக்கொண்டே வாளியைக் கவிழ்ப்பார். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், பார்த்துப்பா, அடியில ஓட்டை வுழப்போவுது என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சிரிப்பார். எனக்கு நல்லது செய்கிறோம் என்று முழுசாக நம்பிக்கொண்டுதான் அவர் அத்தனையும் செய்தார். அதனாலேயே அவர் கையை யாராலும் நிறுத்த முடியவில்லை.

பள்ளி திறந்த ஆனி மாதத்தில் என் தலையில் பொடுகோடு சிராய்ப்பும், மீன் எண்ணெய் நாற்றமும் சேர்ந்திருந்தன. என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. முன்பெஞ்சுப் பையன் ஒருவன் தினமும் என் தோளில் ஊதிவிட்டுத் தும்முகிற மாதிரி நடிப்பான். ஒருநாள் அவன் ஊதி முடிப்பதற்குள் சாப்பாட்டு டப்பாவால் அவன் வாயில் அடித்தேன். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் இறங்கியது. வாத்தியார் மரஸ்கேலைப் பக்கவாட்டில் பிடித்து என் முட்டியில் அடித்தார். பிறகு நைனாவை வரவழைத்து, எல்லாப் பையன்களும் பார்க்க, முடியை ஒட்ட வெட்டித் தலையைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்தால்தான் வகுப்புக்குள் விடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள். நைனா கையைக் கட்டிக்கொண்டு சரிங்க சார், சரிங்க சார் என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வலைக்கயிறு அறுக்கிற கத்தியை எடுத்தார்.

ஆடிக் கூழுக்கு இன்னும் சில வாரம்தான் இருந்தது. அம்மா என்னைச் சுவரோடு தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றாள். அது அம்மனோட முடி, தொடாதே என்றாள்.

"அம்மனா என்னிய கரைக்கு இஸ்துக்கினு வந்தா? காசிமேட்டு லாஞ்சு இஸ்துக்கினு வந்துச்சு. வழி வுடுமே."

அவள் நகரவில்லை. அவர் கை வீசியதில் அம்மாவின் நெற்றி கதவு நிலையில் போய் மோதியது. விழுந்தவள் எழுந்திருக்கும்போது அவள் கையில் வஞ்சிரம் நறுக்குகிற பெரிய கத்தி இருந்தது. புருவத்திலிருந்து ரத்தம் கண்ணுக்குள் வடிய, அதைத் துடைக்காமல், மெதுவாகத்தான் சொன்னாள்.

"அந்த முடில உன் கத்தி பட்டுச்சுன்னா, நாளைக்கு நீ படகு ஏற கால் இருக்காதுய்யா."

அவள் செய்வாள் என்று எனக்குத் தெரிந்தது. நைனாவுக்கும் தெரிந்தது. கத்தியைக் கீழே எறிந்தார். ஆனால் கோபம் எங்கேயாவது இறங்க வேண்டுமே. வெட்டத்தானே கூடாது, சொரண்டறதுக்கு எவகிட்ட கேக்கணும் என்று சொல்லி, என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்குப் போனார். அன்றைக்கு வலைத்துண்டு அகப்படவில்லை. படகின் அடியைத் தேய்க்கிற கம்பி பிரஷ் கிடந்தது. அதற்குமேல் பிள்ளைகளுக்கு எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். மணலில் என் முகம் கிடந்ததும், வாளித் தண்ணீர் சிவப்பாக என்னைத் தாண்டிக் கடலைப் பார்த்து ஓடியதும் மட்டும் நினைவில் இருக்கிறது.

புண் சீழ் பிடித்தது. காய்ச்சல் வந்து, கழுத்தில் நெறி கட்டி, நான் உளற ஆரம்பித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா கையுறை போட்ட விரலால் என் முடியை விலக்கிப் பார்த்துவிட்டு, இதை யார் செய்தது என்று கேட்டார். அம்மா தரையைப் பார்த்தாள். விழுந்துட்டேன் டாக்டர் என்றேன் நான்.

"நான்தாம்மா. சுத்தம் பண்ணேன்," என்றார் நைனா.

டாக்டரம்மா கத்தவில்லை. இது அழுக்கு இல்லை, தோலில் வருகிற தொந்தரவு, சுரண்டினால் இன்னும் கிளம்பும், நீங்கள் ஊற்றின எண்ணெய் அதற்குத் தீனி என்று சொன்னார். பிறகு, மருந்து வைத்துக் கட்ட வேண்டுமானால் முடி முழுக்க எடுத்தாக வேண்டும், புண் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது என்றார். அம்மா அவர் காலைப் பிடித்தாள். ஆடி வரைக்கும் பொறுக்கக் கூடாதா என்று கேட்டாள். பொறுத்தால் பையன் இருப்பானா என்று எனக்குத் தெரியாது என்றார் அவர். கதவு நிலையில் மோதிய காயம் நெற்றியில் காயாமல் இருந்த என் அம்மா, ஒரு பக்கம் மகனையும் ஒரு பக்கம் புருஷனையும் பார்த்துவிட்டு, வெட்டுங்கம்மா என்றாள். விழுந்த முடியை ஒன்று விடாமல் முந்தானையில் பொறுக்கிக்கொண்டாள்.

அதை அம்மனிடம் கொண்டுபோனபோது பூசாரி வாங்கவில்லை. ரத்தம் பட்டது, சீழ் பட்டது, இது ஆகாது என்றுவிட்டார். சேதி குப்பம் முழுக்கப் பரவியது. வேண்டுதலை முறித்தவனோடு ஒரே படகில் ஏற மற்றவர்கள் தயங்கினார்கள். அவனைக் கடல் கேட்கும்போது நம்மையும் சேர்த்துத்தானே கேட்கும் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். நைனா கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதாவது தனியாகக் கட்டுமரத்தில் போனால், அவர் திரும்புகிற வரைக்கும் அம்மா கடைக்குப் போகாமல் அலை ஓரத்திலேயே நிற்பாள். ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை.

ஆடிக் கூழ் அன்றைக்கு, நீல மருந்து பூசிய மொட்டைத் தலையோடு நான் அம்மா பக்கத்தில் நின்றிருந்தேன். முடி எடுக்கிறவருக்கு முன்னால் இருந்த பலகையில், யாரும் கூப்பிடாமல் நைனா போய் உட்கார்ந்தார். சுருள் சுருளாக, எண்ணெய் வைத்துச் சீவி, கண்ணாடி பார்த்துப் பார்த்து வளர்த்த முடி அவருடையது. வேண்டியது பையன் முடியைத்தானே என்று பூசாரி இழுத்தார். காப்பாத்துனது என்னத்தான, நான் குடுத்தா ஆவாதா என்று கேட்டார் நைனா. பூசாரி நகர்ந்து வழிவிட்டார். கத்தி நடந்தது.

மொட்டை அடித்து முடிந்ததும் சந்தனம் வைக்க வேண்டியது வீட்டுப் பெண். அம்மா கிண்ணத்திலிருந்து சந்தனத்தைக் கை நிறைய அள்ளினாள். தடவவில்லை. அந்தப் புது மொட்டையில், கூழ் வாங்க நின்ற வரிசையே திரும்பிப் பார்க்கிற மாதிரி, ஓங்கி அறைந்தாள். இன்னும் அள்ளினாள், இன்னும் அறைந்தாள். கனகா அக்கா சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். நைனா தலையைத் தூக்கவில்லை. அடிக்கு வாகாக இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் திருந்திவிட்டார் என்று எழுதினால் பொய்யாகிவிடும். என்னை அடித்தார், அம்மாவையும் அடித்தார். ஆனால் யாரையும் தலையில் மட்டும் அடிக்கவில்லை. என் முடி முளைத்த பிறகு, டாக்டரம்மா எழுதிக் கொடுத்த ஷாம்பூவை அவரே வாங்கி வந்து, நுரை கொஞ்ச நேரம் ஊறட்டும் என்று பக்கத்தில் குந்திக்கொண்டு காவல் இருப்பார். என் தலையைத் தொட மாட்டார். தண்ணீரை மட்டும் மொண்டு கொடுப்பார்.

இன்றைக்கு அந்தச் சாலையோர மீன் வரிசை இல்லை, அங்காடிக் கட்டடத்துக்குள் போய்விட்டது. நாங்கள் இருந்த குடிசை இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. நைனாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அம்மாவின் புருவத்தில் முடி முளைக்காமல் நின்ற அந்தக் கீறல் எந்தப் போட்டோவிலும் சரியாக விழவில்லை.

என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. போன மாதம் அவளுக்குப் பொடுகு வந்தது. பிள்ளைகளே, வந்தால் மறைக்காதீர்கள், நகத்தால் கீறாதீர்கள், பெரியவர்கள் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு வந்தால் வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். வாரம் இரண்டு தரம் மருந்து ஷாம்பூ போட்டு அலசினால் பெரும்பாலும் அடங்கும், அடங்காவிட்டால் டாக்டரிடம் போகலாம். அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நின்று விரல் நுனியால் வகிடு பிரித்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், போதும்ப்பா என்றாள்.

கையை எடுத்துவிட்டேன்.