தோற்கிற டெக்கை வாங்காதவர்

நோல் வெர்ஹாபன் மனிதர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்: அவசரப்பட்டு வாங்கி ஏமாந்தவர்கள், அவசரப்பட்டு வாங்கி ஏமாறப்போகிறவர்கள். முதல் வருடத்தில் ஒரு பொருளை வாங்குகிறவன் முட்டாள். இரண்டாம் வருடத்தில் வாங்குகிறவன் அந்த முட்டாளைப் பார்த்தும் திருந்தாத முட்டாள். வண்ணத் தொலைக்காட்சி தெரு முழுக்க வந்து, முதலில் வந்தவை பழுதாகி, இரண்டாம் சுற்றும் வந்து சேர்ந்த பிறகுதான் அவர் வீட்டுக்கு ஒன்று வந்தது. அதுவரை எதிர்வீட்டின் திரைபோடாத ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பார். "மூஞ்சியெல்லாம் ஆரஞ்சுக் கலரு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தன் கறுப்பு வெள்ளைக்குத் திரும்பி வருவார்.

பெல்ஜிய எல்லைக்குப் பக்கத்தில், கெல்ட்ராப் என்ற ஊரில் வீடு, கம்பெனியின் பேக்கிங் பிரிவில் மேற்பார்வை வேலை. அந்த வட்டாரத்தில் கம்பெனி என்று சொன்னால் எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்பதில்லை. அது செய்யும் எல்லாப் பொருளும் கடைசியில் நோலின் அட்டைப்பெட்டிக்குள்தான் போய்ச் சேர வேண்டும். பொருளைக் கண்டுபிடித்தவர்களைவிடப் பெட்டியில் போடுகிறவனுக்குத்தான் அதைப் பற்றி அதிகம் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கேட்கும் துணிச்சல் பேக்கிங் பிரிவில் எவருக்கும் இருந்ததில்லை.

வீடியோ டெக்குகளின் சண்டை நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. மூன்று வகைக் கேசட் சந்தையில் இருந்தன. ஒன்றுக்கு ஆன டெக்கில் மற்றது நுழையாது. இரண்டு வகை ஜப்பானிலிருந்து வந்தவை. மூன்றாவது கம்பெனியின் சொந்தத் தயாரிப்பு. பாட்டுக் கேசட்டைப் போலத் திருப்பிப் போடலாம், எட்டு மணி நேரம் பிடிக்கும், படம் கண்ணாடி மாதிரி இருக்கும். மூன்றிலும் சிறந்தது அதுதான் என்று நோல் யாரிடமும் அடித்துச் சொல்வார். ஆனால் வாங்க மாட்டார். முதலில் விலை இறங்கட்டும் என்றார். விலை இறங்கியதும் அடுத்த மாடல் வரட்டும் என்றார். அடுத்த மாடல் வந்தபோது, எந்தக் கேசட் ஜெயிக்கிறது என்று தெரியட்டும் என்றார்.

இதில் ஒரு சின்னச் சிக்கல், அவருடைய மனைவி ரீட். முதியோர் இல்லத்தில் அவளுக்கு வியாழக்கிழமை மாலை வேலை. பெல்ஜியச் சேனலில், பீர் வடிக்கும் குடும்பம் ஒன்று தங்களுக்குள் அடித்துக்கொள்ளும் தொடர் வருவதும் வியாழக்கிழமை மாலைதான். ஊரே அதைப் பார்த்தது. பிறந்தநாள் வீடுகளில் நாற்காலிகளைச் சுவரோரம் வட்டமாகப் போட்டு, எல்லாரும் எல்லாருக்கும் கை கொடுத்து வாழ்த்துச் சொல்லி, காப்பியும் ஆளுக்கொரு துண்டு பழ ரொட்டியும் மடியில் வந்ததும், பேச்சு அந்தக் குடும்பத்துக்குத் தாவிவிடும். ரீட் மட்டும் கரண்டியால் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருப்பாள். சர்க்கரை கரைந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

"வியாழக்கிழமை மட்டும் போதும் நோல்," என்றாள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில். "படமெல்லாம் எனக்கு வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தைப் பிடிச்சு வெச்சுக்க ஒரு பெட்டி. அவ்வளவுதான்."

நோல் தன் உருளைக்கிழங்கு மசியலில் குழி பறித்துக் குழம்பை ஊற்றினார். "அவ்வளவுதாங்கிற. எந்தப் பெட்டி? அதுதானே கேள்வி."

"எது மலிவோ அது."

"பாத்தியா? இப்படித்தான் நாடே ஏமாறுது."

நாடு ஏமாந்ததோ இல்லையோ, தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நோலின் கணக்கில் இது மட்டும் வருவதே இல்லை.

அந்த இலையுதிர் காலத்தில் பேக்கிங் பிரிவுக்குப் புதிய தெர்மோகோல் அச்சுகள் வந்தன. நோல் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பள்ளத்தின் அளவு கம்பெனியின் டெக்குக்குப் பொருந்தவில்லை. கூட வந்த அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் ஜப்பான் கேசட்டின் மூன்றெழுத்து கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. கம்பெனி தன் கேசட்டைக் கைகழுவிவிட்டு, எதிரியின் கேசட்டுக்கு டெக் செய்யப்போகிறது. அடுத்த சில நாட்களிலேயே ஊழியர் கடையில் அறிவிப்பு ஒட்டினார்கள்: நம் சொந்த டெக், பாதிக்கும் குறைந்த விலை, ஊழியர் ஒருவருக்கு ஒன்று மட்டும்.

மதிய இடைவேளையில் வரிசை கதவுக்கு வெளியேவரை நீண்டது. நோல் தன் ரொட்டிப் பொட்டலத்தோடு எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கணக்குப் பிரிவுக்காரர்கள், பொறியாளர்கள், ஒரு உதவி இயக்குநர்கூட நின்றார். சீஸ் ரொட்டி அவருக்கு அதுவரை இத்தனை ருசியாக இருந்ததில்லை. யாராவது வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பிறகு சொல்லிக்கொண்டார். கேட்கும் தூரத்தில் நிற்காமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரீட்டின் அக்கா கோரிக்குப் பிறந்தநாள். கோரியின் கணவன் டூன், நோலுக்குச் சகலை. சந்தைத் திடலில் உருளைக்கிழங்கு வறுவல் கடை வைத்திருப்பவன். எந்தச் சட்டை போட்டாலும் அவன்மேல் எண்ணெய் வாடை வரும். நோல் வாழ்க்கையில் நிம்மதியாக இருந்ததற்குப் பாதிக் காரணம் டூன். தன்னைவிட மட்டம் என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய ஒருவன் சொந்தத்திலேயே இருப்பது சாதாரண பாக்கியம் இல்லை.

"சகலை, ஒரு உதவி," என்றான் டூன், வட்டத்துக்குக் குறுக்கே குனிந்து. "உங்க கடையில டெக் அடிமாட்டு விலைக்காமே. நான் வெளியாளு, உள்ள விட மாட்டான். உன் பேர்ல ஒண்ணு எடுத்துக் குடேன்."

"உனக்கெதுக்குடா டெக்?"

"ஆட்டம் நடக்கும்போதெல்லாம் எண்ணெய்ச் சட்டி முன்னாடி நிக்கிறேன். யாரு ஜெயிச்சாங்கறதையே வறுவல் வாங்க வர்றவன் சொல்லித்தான் தெரிஞ்சுக்கறேன். தோத்த கட்சிக்காரன்னா அதையும் சொல்ல மாட்டான்."

ரீட் கரண்டியை நிறுத்தினாள். "ஒரு ஆளுக்கு ஒண்ணுதானே? நாமளே இன்னும் எடுக்கலியே நோல்."

"நமக்கு வேற திட்டம் இருக்கு," என்றார் நோல். பிறகு டூனின் பக்கம் திரும்பினார். அவர் முகம் அத்தனை கனிவாக இருந்ததை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. "எடுத்துத் தரேன். அதைவிட நல்ல டெக் உலகத்துலயே கிடையாது, டூன்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவருக்கு அதுதான் இனித்தது.

டெக் டூனின் வீட்டுக்குப் போனது. நோல் தன் கையாலேயே இணைப்புக் கொடுத்து, எப்படித் திருப்பிப் போடுவது என்று காட்டிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சைக்கிளில் விசிலடித்துக்கொண்டு வந்தார். சவப்பெட்டியைப் பரிசாகக் கொடுத்தவனுக்கும் வாங்கியவன் நன்றி சொல்கிறான் என்றால் யாருக்குத்தான் விசில் வராது?

டூன் முதல் வாரம் கால்பந்து பிடித்தான். இரண்டாம் வாரம், யாரும் கேட்காமலேயே, வியாழக்கிழமைத் தொடரையும் பிடித்தான்.

"ரீட், உன் பீர்க்காரனுங்க எங்க வீட்டுப் பெட்டிக்குள்ள மாட்டியிருக்கானுங்க," என்று கோரி போனில் கூப்பிட்டாள். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வந்துடு."

ரீட் போனாள். அடுத்த வாரமும் போனாள். எண்ணெய் வாடையோடும், பாதியில் அடக்கிய சிரிப்போடும் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வருவாள். பிறந்தநாள் வட்டங்களில் இப்போது அவள் குரல்தான் முதலில் கேட்டது. நோல் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் செய்தித்தாளுக்காகக் காத்திருந்தார்.

குளிர்காலக் கடைசியில் செய்தி வந்தது. பத்திரிகையை மடித்துக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, எதிர்காற்றில் மிதித்து, டூனின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். கோரியும் ரீட்டும் சோபாவில். டூன் தரையில் கால் நீட்டிக்கொண்டு. திரையில் பீர்க் குடும்பம்.

"கேள்விப்பட்டியா டூன்? கம்பெனியே ஜப்பான் கேசட்டுக்கு மாறுது. உன் டெக் அவ்வளவுதான். செத்துப் போச்சு."

டூன் டெக்கைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். "செத்துப் போச்சா? அப்ப இவனுங்களை ஓட்டுறது யாரு?"

கோரிக்குக் காப்பி புரையேறியது.

"சிரி, சிரி. வாடகைக் கடையில இதுக்கு ஒரு படம் கிடைக்காது."

"வாடகைக் கடைக்கு நான் என்னைக்குப் போனேன் சகலை? எண்ணெய்ச் சட்டி என்னை எங்க விடுது?"

"வெத்துக் கேசட்டும் இனிமே வராதுடா!"

"கடைக்காரன் நேத்தே வந்தான். பெட்டியோட எடுத்துக்கோ, இடத்தை அடைக்குதுன்னு காலைப் பிடிக்காத குறை. மாடி முழுக்க அடுக்கியிருக்கேன். அழிச்சு அழிச்சுப் பிடிச்சா என் ஆயுசு போதாது."

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுறீங்களா?" என்றாள் ரீட், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பெரிய மருமக இப்பத்தான் உயிலை அடுப்புல போடப் போறா."

நோல் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். உட்காரச் சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை.

திரும்பும் வழியில், கால்வாய்க் கரையில், ரீட் பக்கத்தில் சைக்கிள் மிதித்தபடி கேட்டாள்: "இது உனக்கு எப்பத் தெரியும்?"

"அக்டோபர்லயே!" கடைசியில் ஒருத்தி கேட்டுவிட்டாள். "அட்டைப்பெட்டி வந்தப்பவே புரிஞ்சுபோச்சு. கம்பெனியில வேற ஒருத்தனுக்கும் தெரியாது அப்ப."

"டூன் அத்தானுக்கு எடுத்துக் குடுத்தப்ப தெரியும்?"

"தெரியாமலா? அதனாலதானே எடுத்துக் குடுத்தேன்."

ரீட் ஒரு கையால் கையுறையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"ஜெயிக்கிற டெக்குன்னு நீ நெனச்சிருந்தா அவருக்குக் குடுத்திருக்க மாட்ட."

"நான் என்ன பைத்தியமா?"

"எனக்கும் வாங்கியிருக்க மாட்ட."

"அது வேற விஷயம், ரீட். நம்ம வீட்டுக்குச் சரியானதுதான் வரணும்னு..."

"நாலு வருஷமா வியாழக்கிழமைதான் கேட்டேன்," என்றாள் ரீட். "சரியானதைக் கேட்கல."

நோலுக்கு இதில் தர்க்கம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சரியானதை வாங்கினால் வியாழக்கிழமையும் சேர்ந்துதானே வரும்? ஆனால் அவள் அதற்குப் பிறகு டெக்கைப் பற்றிப் பேசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போவது மட்டும் நிற்கவில்லை. சாப்பாட்டுக்கு வருவதும் தாமதமாகிக்கொண்டே வந்தது. ஒருநாள் அவளுக்காகக் காத்திருந்து, ஆறிப்போன கோழியைத் தனியாகத் தின்றபோது, தன் வீட்டு ஞாயிற்றுக்கிழமை வறுவல்காரன் வீட்டுக்குக் குடிபோய்விட்டது என்பது நோலுக்கே உறைத்தது.

கோடையில் அவர் வாங்கினார். ஜெயித்த கேசட், கம்பெனியின் பெயர், ஊழியர் தள்ளுபடி, தூரத்திலிருந்து அழுத்தும் ரிமோட். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். வியாழக்கிழமை மாலை பெல்ஜியச் சேனலை ஒரு நொடி பிசகாமல் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை ரீட் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது தொண்டையைக் கனைத்தார்.

"இன்னைக்கு அங்க போக வேண்டாம். இங்கயே இருக்கு."

ரீட் அவரைப் பார்த்தாள். பிறகு கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். நோல் காப்பி போட்டார். பிஸ்கட் டப்பாவை ஒருமுறை நீட்டிவிட்டு மூடிவிடுவதுதான் அவர் வழக்கம். அன்றைக்கு மூடாமலேயே மேசைமேல் வைத்தார். அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். லேசாகச் சிரித்தாள்.

தொடர் ஆரம்பித்தது.

"இவன்தான் அண்ணனா?" என்றார் நோல். "தம்பியைவிடச் சின்னவனா இருக்கான்."

"ம்."

"பீர்க் கிடங்குல எவனாவது கழுத்துப் பட்டி கட்டிட்டு நிப்பானா?"

"நோல்."

"இல்ல, சும்மா சொன்னேன். அந்த உயிலை எரிச்சாளே, அதுக்கு நகல் பதிவாளர்கிட்ட இருக்காது? சின்னப் பிள்ளைக்குத் தெரியும். இரு, இரு, அந்தக் கதவைப் பாத்தியா? அவன் சாத்தினதும் சுவரோட சேர்ந்து ஆடுச்சு. அட்டை!"

"பாக்கல."

"பாரு, காட்டுறேன்." ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினார். கண்ணீரோடு வெளியே போன தம்பி பின்பக்கமாக நடந்து அறைக்குள் வந்தான். கதவு சாத்திக்கொண்டது, சுவர் ஆடியது. "பாத்தியா? இன்னொரு தடவை பாரு."

அவர் சொன்னதெல்லாம் சரி. அண்ணன் சின்னவன்தான், உயிலுக்கு நகல் இருக்கத்தான் செய்யும், சுவர் அட்டைதான். பிசகு கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தி, பின்னால் ஓட்டி, நிரூபித்து, மறுபடி ஓட விட்டார். ஒரு மணி நேரத் தொடர் மதியச் சாப்பாட்டு வேளையைத் தொட்டது. இறுதி எழுத்துகள் ஓட ஆரம்பித்தபோது ரீட் எழுந்து கோட்டை எடுத்தாள்.

"எங்க போற?"

"கோரி வீட்டுக்கு."

"இதையேதானே அங்கயும் போடுவான் அந்த டூன்? பாத்ததையே எதுக்குப் பாக்கணும்?"

"நான் இன்னும் பாக்கல, நோல்," என்றாள் ரீட். சைக்கிள் சாவி கோட்டுப் பைக்குள் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டு வெளியே போனாள்.

நோல் ரிமோட்டை எடுத்தார். கதவு சாத்தும் இடத்துக்குக் கேசட்டைப் பின்னால் ஓட்டினார். சுவர் ஆடத்தான் செய்தது. சந்தேகமே இல்லை.