மறைந்து நின்ற லாக்டோஸ்

ஹில்க்கா யூலிகௌப்பிலா 1958இல் லாபுவாவில் பிறந்தார். என் பெரியப்பாவின் ஒரே மகள். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1981 முதல் பால் நிலைய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். 2005 முடிவில் கூடத்தின் தலைமைப் பொறுப்பு காலியாக இருந்தது. இவ்வளவும் உறுதியாகத் தெரிந்தவை. அப்பொறுப்பு தமக்கே வரும் என்று அவர் நம்பினார், நாங்களும் நம்பினோம்.

வட ஐரோப்பாவிலுள்ள எங்கள் நாட்டில் ஆறில் ஒருவருக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை ஒத்துக்கொள்ளாது. அதை உடைத்து நீக்கிய பாலில் மிச்சம் உண்டா என்று பார்ப்பது ஹில்க்காவின் வேலை. பால் துளி காரக் கரைசலோடு மெல்லிய குழாயில் ஓடும். சர்க்கரைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து வரும். முடிவிலுள்ள தங்க மின்முனையை ஒவ்வொன்றும் தொடும்போது திரையில் ஒரு முகடு எழும். காரத்துக்குக் காற்று ஆகாது. காற்றிலுள்ள கரியமில வாயு கலந்தால் சர்க்கரைகள் முந்திக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக வந்துவிடும். ஆகவே கரைசல் புட்டிக்குள் எப்போதும் ஹீலியம் நிரப்பி வைப்பார்கள்.

டிசம்பர் ஐந்தாம் தேதி ஹீலியம் உருளை தீர்ந்தது. மறுநாள் சுதந்திர நாள். புது உருளை அதன் பிறகுதான் வரும். ஹில்க்கா ஹீலியம் இல்லாமலே சோதனையை நடத்தினார். முகடுகள் சற்று முன்னதாக வந்ததைக் கவனித்தும், அறையின் வெப்பம்தான் காரணம் என்று எண்ணினார். லாக்டோஸ் தென்படவில்லை. பாலை அனுப்பலாம் என்று கையொப்பமிட்டார்.

ஏழாம் தேதி காலை புது உருளை வந்தது. புதுக் கரைசலைச் சரிபார்க்க, எடுத்து வைத்திருந்த அதே பாலை மீண்டும் ஓட்டினார். முன்பு மற்றவற்றுக்குள் மறைந்திருந்த லாக்டோஸ், இப்போது தனியே நின்றது. அந்தச் சோதனையை யாரும் கேட்கவில்லை. கீழே லாரிகளில் பால் ஏறிக்கொண்டிருந்தது.

அவர் நேராக மேலாளர் கௌக்கோவிடம் போனார்.

"கௌக்கோ, லாரிய நிறுத்து."

"காலங்காத்தால என்னாச்சு உனக்கு? நீதான கையெழுத்து போட்ட?"

"தப்பாப் போட்டுட்டேன். காரத்துல காத்து கலந்துடுச்சு."

"ஏன், கிறிஸ்துமஸுக்குக் காரத்துல மீன் ஊறப்போட்டியா?" காய்ந்த மீனைக் காரக் கரைசலில் ஊறவைத்துச் சமைப்பது எங்கள் கிறிஸ்துமஸ் வழக்கம்.

"அப்படியே வச்சுக்கோ. முதல்ல நிறுத்து."

கௌக்கோ தொலைபேசியில் சொல்லி நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"வெள்ளிக்கிழமை மேலிடத்துல தலைமைப் பொறுப்புக்கு உன் பேரத்தான் சொல்லப்போறேன். உருளை தீர்ந்துபோச்சு, அதான்னு எழுதிக் குடு. உன் தலையில விழாது."

"தீர்ந்துபோச்சுன்னு தெரிஞ்சுதான ஓட்டினேன்."

"உங்க குடும்பமே இப்படித்தான். பிடிவாதம்."

"எங்கப்பாவ நீ பார்த்ததில்ல. அவரு இன்னும் மோசம்."

தெரிந்தே ஓட்டியதாகத்தான் ஹில்க்கா எழுதிக் கொடுத்தார். பால் முழுவதும் பன்றித் தீவனத்துக்குப் போயிற்று. தலைமைப் பொறுப்பு வாசா நகரிலிருந்து வந்த ஒருவருக்குக் கிடைத்தது. ஹில்க்கா வருந்தவில்லை என்று நான் எழுதினால் அது பொய்யாகும். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஜனவரியில் பழைய நாற்காலிக்கே திரும்பினார். அதில் மேலும் பதினாறு ஆண்டுகள்.