கதவருகே நின்று ஸலாம் சொல்லி விளையாடியவர்

இன்று ஒக்டோபர் பன்னிரண்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு எழுபத்தெட்டு வயதும் நான்கு மாதங்களும். இந்த வயதில் அதிகாலைத் தொலைபேசி நல்ல செய்திக்காக ஒலிப்பதில்லை. சென்ற செவ்வாய்க்கிழமை ஒலித்தபோது என் சிநேகிதி ஸுபைதாவின் மருமகள் பஸ்னா பேசினாள்.

"டீச்சர், மாமி மௌத்தாகிட்டாங்க. ளுஹர் தொழுகையோட அடக்கம். வாரீங்களா?"

அன்று பிற்பகல் எப்படியும் நான் அந்த வீட்டுக்குப் போவதாகத்தான் இருந்தது. ஞாயிறும் செவ்வாயும் எங்கள் விளையாட்டு நாட்கள். மூன்று மணிக்குப் போகவேண்டியவள் காலையிலேயே போகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு முச்சக்கர வண்டியில் ஏறினேன். முச்சந்தி தாண்டுவதற்குள் அந்தப் பொய் தீர்ந்துவிட்டது.

பெண்கள் இருந்த அறையில் அவருடைய உறவினர் ஒருவர் எனக்கு இடம் கொடுத்தார். "நீங்க அவவுக்குப் படிச்சுக் குடுத்த டீச்சரா?" என்று கேட்டார். "இல்லை. நாங்கள் சேர்ந்து கொம்பியூட்டர் கேம் விளையாடுவோம்" என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு, "பாவம், பயந்து போயிட்டாங்க. தண்ணி கொஞ்சம் கொண்டு வாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார். மாத்தளையில் பலருக்கு ஸுபைதா, மிளகை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து விலை சொல்லும் கடைக்காரர் மட்டுமே. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். சாகச விளையாட்டுகளைப் பற்றி அவர் அளவுக்குத் திட்டமான அபிப்பிராயம் உடைய எவரையும் நான் சந்தித்ததில்லை.

என் கணவர் இறந்தபின் பல மாதங்கள் நான் வாசற்படி தாண்டவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினேன். அதில் எனக்குத் திறமை உண்டு. ஸுபைதா ஆறுதல் சொல்லவில்லை. மிளகாய்த்தூள் பொதியோடு வந்து நின்றார்.

"டீச்சர், ஒரு ஒதவி. மகன் கட்டாருக்குப் போக முந்தி கொம்பியூட்டர்ல ஒரு கேம் போட்டு வச்சிட்டுப் போயீக்கான். எல்லாம் இங்கிலீஸு. ஒரு பேய் பங்களாட கதவு தொறக்குதில்ல. நீங்க வந்து வாசிச்சுச் செல்லுங்களே."

"நான் வரலாற்றில் பட்டம் வாங்கியது பேய் பங்களாவின் கதவைத் திறக்கவா?"

"பின்ன என்னத்துக்கு? வேற யாரும் கேக்கிறாங்களா?"

யாரும் கேட்கவில்லை. போனேன். கடைக்குப் பின்னாலிருந்த அறையில் இரண்டு நாற்காலிகள் தயாராக இருந்தன. சுட்டி அவர் கையில், குரல் என்னுடையது. அப்படியே ஆண்டுகள் ஓடின.

முதல் நாளே கதாநாயகன்மீது அவருக்கு வெறுப்பு வந்துவிட்டது. "கள்ளனா இவன்? ஆள் இல்லாத ஊட்டுக்குள்ள பூந்து அல்மாரியத் தொறக்கிறானே!" அன்றிலிருந்து எந்தக் கதவைத் திறப்பதற்கு முன்னும் திரையைப் பார்த்து ஸலாம் சொன்னார். மூன்று தரம் சொல்லியும் பதில் வராவிட்டால் திரும்பிவிடவேண்டும் என்பது அவருடைய மார்க்க ஒழுக்கம். திரும்பினால் விளையாட்டு நின்றுவிடும். நெடுநேரம் யோசித்தார். "படத்தில உள்ள ஊடுதானே. ஸலாம் செல்லிட்டோம், உள்ளுக்குப் போவோம்" என்று முடிவுசெய்தார். ஆனால் ஸலாம் சொல்வதை ஒருநாளும் விட்டதில்லை.

துப்பாக்கி எடுக்கும் விளையாட்டுகளை அவர் தொடுவதில்லை. "சுட்டுத்தான் தொறக்கணும்டா கதவுக்குப் பூட்டு என்னத்துக்கு?" போகவேண்டிய திசையை அம்புக்குறியால் காட்டுபவற்றை அதைவிடக் கடுமையாக வெறுத்தார். "இது கேமா, த்ரீவீல் சவாரியா? என்னைய ஏத்திட்டுப் போறாங்க, எறக்கி விடுறாங்க." தொலைபேசியில் விடை தேடலாமே என்று பஸ்னா ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்று அவளுக்குத் தேநீர்கூடக் கிடைக்கவில்லை.

எங்கள் பெரும் தோல்வி ஒரு தீவில் நேர்ந்தது. கப்பல் தலைவனுக்குச் சாதிக்காயும் வசவாசியும் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும், சாதிக்காயின் கொட்டையைச் சுற்றிய சிவப்புத் தோல்தான் வசவாசி என்பது. ஒரே மரம், ஒரே காய். காயைப் பறித்தோம், பிளந்தோம், உரித்தோம், காயவைத்தோம். வாரக்கணக்கில் அந்த மரத்தடியை விட்டு நகரவில்லை. கடைசியில் பார்த்தால், அந்த விளையாட்டைச் செய்தவர்கள் வசவாசிக்கென்று தீவின் மறுகரையில் தனியாக ஒரு மரம் நட்டிருந்தார்கள். ஸுபைதா கண்ணாடியைக் கழற்றிவைத்தார். "டீச்சர், இவங்கட கறியத் திண்டு பாக்காம இனி இவங்கட கேம வெளையாடப்படாது." நான் சிரித்துச் சிரித்து நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கணவர் போனபின் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஸுபைதா அதைக் கவனித்தார். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் கப்பலை நகர்த்தினார்.

நீண்ட வசனங்களை வாசிக்க எனக்குப் பொறுமை இல்லை. சுருக்கிவிடுவேன். உடனே பிடித்துவிடுவார். "அந்த மனிசன் இவ்வளவு நேரம் வாய அசைக்கிறான், நீங்க ரெண்டு சொல்லில முடிச்சிட்டீங்க. மிச்சத்த எங்க போட்டீங்க?" பரீட்சை விடைத்தாள்களில் நான் இத்தனை கண்டிப்பு காட்டியதில்லை.

இந்த ஆண்டு அவருடைய இதயம் தளர்ந்துபோயிற்று. மருத்துவர் படியேற வேண்டாம் என்றார். சுட்டியைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. காணாமற்போன தம்பியைத் தேடி ஒரு பெண் கடலோரமெல்லாம் அலையும் விளையாட்டு ஒன்றைத் தொடங்கியிருந்தோம். சென்ற ஞாயிற்றுக்கிழமை அவளை வெளிச்சவீட்டின் உச்சிக் கதவுவரை கொண்டுவந்துவிட்டோம். சாவி கையில். அந்தப் பக்கம் தம்பி இருக்கிறானா, இல்லையா என்பது மட்டுமே மிச்சம். ஸுபைதா சுட்டியிலிருந்து கையை எடுத்தார்.

"செவ்வாக்கிழம தொறப்போம் டீச்சர்."

"கதவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு என்ன செவ்வாய்க்கிழமை?"

"இன்டைக்கே முடிஞ்சா நீங்க பொறகு என்னத்துக்கு வாரீங்க?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் வேடிக்கையாகத் திட்டிவிட்டு வந்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் பஸ்னா அந்தக் கணினியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "மாமிக்காக நீங்க முடிச்சு வைங்க டீச்சர்" என்றாள். அதோடு அவருடைய நாற்காலியையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இவ்வளவுதான்: திறக்காத ஒரு கதவும், பக்கத்தில் ஒரு நாற்காலியும். கணினியை ஒருதரம் போட்டுப் பார்த்தேன். அந்தப் பெண் சாவியோடு அங்கேயே நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் கடல் அசைகிறது. நான் திறக்கவில்லை, திறக்கப்போவதுமில்லை. ஆங்கிலம் தெரிந்த ஒருத்தி போதும் என்று பஸ்னா நினைக்கிறாள். அந்த அறையில் என் ஆங்கிலம் ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. இதை ஸுபைதாவிடமும் நான் சொன்னதில்லை.

நாங்கள் தொடங்கிய முதல் வருடம். முத்துமாரியம்மன் கோயில் தேருக்காக வீதியை மூடிவிடுவார்கள் என்று நேரத்தோடு புறப்பட்டு, கடைப் பக்கமாக உள்ளே போனேன். அறைக்குள் ஒரு குரல் கேட்டது. ஸுபைதா திரையைப் பார்த்து ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லிலும் தடக்கவில்லை. கிழவனுக்கு ஒரு குரல், கப்பல்காரனுக்கு ஒரு குரல் என்று மாற்றி மாற்றி, நான் ஒருபோதும் வாசித்திராத அழகோடு வாசித்தார்.

ஓசையின்றிப் பின்வாங்கி வீதிக்கு வந்தேன். வெயிலில் சற்று நேரம் நின்றேன். பிறகு வாசலிலிருந்து உரத்த குரலில் மூன்று தரம் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

உள்ளே குரல் நின்றது.

"வாங்க டீச்சர், வாங்க. நீங்க வராம ஒரு எழுத்தும் வெளங்கல்ல."

நான் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவர் வாசித்து முடித்திருந்த பக்கத்தை முதல் வரியிலிருந்து வாசித்தேன். அவர் கன்னத்தில் கைவைத்து, எல்லாவற்றையும் முதன்முறை கேட்பவரைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.