மூன்றாம் மாடியில் கிடைத்த மறுப்பு

தி.நகர் துணிக்கடை ஒன்றில் பில் போடும் கருவிகளை வைஃபையில் இணைப்பது நான் தனியாக எடுத்த முதல் வேலை. ஒவ்வொரு கருவியின் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்து உள்ளே விடுவது கீழ்த்தளத்து சர்வர். அதன் முன் உட்கார்ந்து, ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துக் கேட்கும் சோதனைக் கட்டளையை அதிலேயே அடித்தேன். அனுமதி என்று வந்தது. முடிந்தது என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் மாடியில் ஒரு கருவியும் இணையவில்லை. பத்து மணிக்குக் கடை திறப்பதற்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைக் கூப்பிடுவதாக முதலாளி சொன்னார். மேலே போய் என் லேப்டாப்பிலிருந்து அதே கட்டளையை அடித்தேன். பதிலே இல்லை. தன் பட்டியலில் இல்லாத இடத்திலிருந்து கேட்டால் சர்வர் பேசாது. அந்த மாடியைப் பட்டியலில் சேர்க்க நான் மறந்திருந்தேன்.

சேர்த்துவிட்டு மறுபடி அடித்தேன். அவசரத்தில் கடவுச்சொல் தப்பாகிவிட்டதால் 'மறுக்கப்பட்டது' என்று வந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னா நைனா, அது வேணாங்குது, நீ இளிச்சிக்கினு கீற?" என்றார் பக்கத்தில் நின்ற மாடி சூப்பர்வைசர்.

"இவ்ளோ நேரம் வாயே தொறக்கலண்ணா. இப்ப வேணாம்னாவது சொல்லுதே!"

சரியாக அடித்ததும் அனுமதி வந்தது. சூப்பர்வைசர் என் லேப்டாப் திரையைப் பார்க்கவில்லை. ஒரு கைக்குட்டைக்குப் பில் போட்டு, காகிதம் வெளியே வந்த பிறகுதான் ஷட்டரைத் தூக்கச் சொன்னார்.