தியாக்கோன் சொன்ன பொய்

குருப்பட்டத்துக்கு முந்திய ஒரு வருடம் எங்கள் பங்குக் கோயிலில் சேவை செய்ய அவர் குருநகருக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதே முதலில் ஊருக்குக் குழப்பமாக இருந்தது. குருமடத்தில் படிக்கிறவரைப் பிறதர் என்போம், பட்டம் பெற்றவரைச் சுவாமி என்போம். இவரோ தியாக்கோன், இரண்டுக்கும் நடுவில் நின்றார். ஞானஸ்நானம் கொடுத்தார், பிரசங்கம் வைத்தார், செத்தவர்களை அடக்கம் செய்தார். எதெல்லாம் அவரால் முடியாது என்பது எங்களுக்குச் சரியாகத் தெரியாது. கடைசியில் எல்லோரும் பிறதர் என்றே கூப்பிட்டார்கள்.

அவரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. காலையில் சைக்கிளில் ஏறினால் படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு நற்கருணை, பிறகு ஆஸ்பத்திரி, பின்னேரம் வீடு வீடாகச் சந்திப்பு என்று ஓடிக்கொண்டே இருப்பார். எந்த வீட்டிலும் தேத்தண்ணீரை முழுதாகக் குடித்ததில்லை.

எங்கள் குடும்பமும் சித்தப்பாவின் குடும்பமும் ஒரே வளவுக்குள் இருந்தோம். ஒரு பின்னேரம் தியாக்கோன் வழக்கம்போல் வந்து, பாதித் தேத்தண்ணீரோடு எழுந்து போனார். அன்று சித்தப்பாவின் புது ரச் போன் என் கையில் இருந்தது. கடலுக்குப் போகுமுன் சார்ச் போட்டு வை என்று சித்தப்பா தந்திருந்தார். நானோ அதில் கார் ஓட்டும் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தேன்.

“சார்ச் நிறைஞ்சிட்டுதோ?” என்று சித்தப்பா புறப்படும்போது கேட்டார்.

“ஓம்” என்றேன். அவர் அதைப் பார்க்காமலே பொலித்தீன் பையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனார்.

விடிய வரவேண்டிய படகு பத்து மணியாகியும் வரவில்லை. சோளகக் காற்று கூரைத் தகரங்களைத் தூக்கியடித்தது. போனுக்கு எடுத்தால், தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் சொன்னது. அப்பா வேறொரு படகில் தேடப் போய்விட்டார். கரையில் நின்ற ஒருவர், “அந்தப் பக்கம் எப்பவும் சிக்னல் இருக்கும். போன் தண்ணிக்குள்ளை போனாத்தான் இப்பிடி” என்றார். அதைக் கேட்டதும் சித்தி மணலில் குந்தியிருந்து குழறி அழத் தொடங்கினார். போன் ஏன் பேசவில்லை என்பது அத்தனை பேரிலும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதைச் சுவாமியார் யாருக்கும் சொல்ல மாட்டார் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருந்தேன். கோயிலுக்கு ஓடினேன். சுவாமியார் மன்னாருக்குப் போயிருந்தார். தியாக்கோன் மட்டும் செபமாலையோடு விறாந்தையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

“பிறதர், எனக்குப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேணும்.”

“எனக்கு இன்னும் அது கேக்கேலாது பிள்ளை. பட்டம் கிடைச்சாப் பிறகுதான். சுவாமி நாளைக்கு வந்திடுவார்.”

“நாளைக்கெண்டால் பிந்திப் போயிடும்.”

அவர் நடையை நிறுத்தினார். “அப்ப பாவமாச் சொல்லாதையும். சும்மா கதையாச் சொல்லும்.”

சொன்னேன். ஆருக்கும் சொல்லக் கூடாது என்றும் சொன்னேன். அவர் கரையை நோக்கி விறுவிறென்று நடந்தார். நான் பின்னால் ஓடினேன். எல்லாருக்கும் முன்னால் என் பெயரைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் சித்திக்கு முன்னால் போய்க் குந்தினார். “அக்கா, அந்தப் போனிலை சார்ச் இல்லை. நேற்று உங்கடை வீட்டை வந்தபோது அதை வாங்கிக் கனநேரம் கதைச்சனான். முடிஞ்சதைச் சொல்லாமல் வைச்சிட்டன். அது வேலை செய்யேல்லை எண்டு பயப்பிடாதேங்கோ.”

சித்தியின் அழுகை நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“கடலுக்குப் போற மனிசன்ரை போன் எண்டு உங்களுக்குத் தெரியாதோ பிறதர்? ஒரு வார்த்தை சொல்ல வாய் வரேல்லையோ?” என்று தொடங்கியவர், அரை மணித்தியாலம் நிறுத்தவில்லை. மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர் தலை குனிந்து நின்றார். நான் அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றேன்.

மூன்று மணிபோல் அப்பா போன படகு, சித்தப்பாவின் படகைக் கட்டி இழுத்து வந்தது. கைவிடப்பட்ட வலைத்துண்டு ஒன்று எஞ்சினில் சுற்றியிருந்ததாம். சித்தி அழுது சிரித்து, உடனேயே போன் கதையைச் சொன்னார். சித்தப்பா தியாக்கோனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை” என்றார் தியாக்கோன்.

“பரவாயில்லை பிறதர்” என்றார் சித்தப்பா. அதற்குப் பிறகு அந்தப் போன் என் கைக்கு வரவேயில்லை.

சுவாமியார் திரும்பியதும் முதல் ஆளாகப் போய் முழந்தாளிட்டேன். என் பொய்யைச் சொன்னேன். தியாக்கோனின் பொய்யையும் மறக்காமல் சொன்னேன், அவருக்காக யாராவது சொல்லத்தானே வேண்டும்.

“மற்றவையின்ரை பாவத்தை இஞ்சை கொண்டுவரக் கூடாது பிள்ளை” என்று வலைத்தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சுவாமியார் மெல்லச் சொல்லிவிட்டு, மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். நான் நான்காகச் சொன்னேன்.

எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சுவாமியாருக்கும் தியாக்கோனுக்கும் மத்தியானச் சாப்பாடு அனுப்புவார்கள். சித்தியின் முறை வந்தால் இரண்டு சாப்பாட்டுக் கரியர்களையும் தூக்கிக்கொண்டு போவது நான். சுவாமியாரின் கரியரில் விளைமீன் குழம்பும் பொரியலும் இருக்கும். தியாக்கோனின் கரியரில், அந்த வருடம் முடியும்வரை, சோறும் பருப்பும் மட்டுமே இருந்தன. கடல் இல்லாத ஊரில் பிறந்தவர், அவருக்கு மீன் பிடிக்காது என்றுதான் நான் நினைத்தேன். “பருப்பு நல்லாயிருந்தது எண்டு சித்தியிட்டைச் சொல்லும்” என்பார். நானும் போய் ஒழுங்காகச் சொல்வேன். சித்தி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒவ்வொரு முறையும் சுவாமியார் தன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து பெரிய மீன்துண்டை எடுத்துத் தியாக்கோனின் சோற்றின்மேல் வைப்பார். தியாக்கோன் ஏன் என்று கேட்டதில்லை. சுவாமியாருக்கு வயது போய்விட்டது, மீன் செமிப்பதில்லைப் போலும் என்று எண்ணியபடி நான் வெறுங் கரியர்களுக்காக வாசலில் காத்திருப்பேன்.