வழவழாவுக்கு ஒரு மெஷின்

பலகையின் மேல் ஆள்காட்டி விரலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டுகிறார். கண்ணை மூடிக்கொள்கிறார். "அடடா! வழவழன்னு எப்படி இருக்கு பாரு!" பக்கத்தில் ஆளே இல்லாவிட்டாலும் சொல்வார். அடுத்த அறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும் மனைவியின் காதில் விழட்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்துவார்.

இப்படிச் சொல்லிச் சொல்லியே தெருவில் அவருக்கு 'வழவழா' என்று பேர் விழுந்துவிட்டது. வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகப் பேசத் தெரியாத, வழவழா கொழகொழா ஆசாமி என்ற கேலியும் அந்தப் பேரில் அடக்கம். மனுஷர் அதைத் தன் மர வேலைக்குக் கிடைத்த பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சொல்லிக் கெடுப்பானேன் என்று மனைவியும் விட்டுவிட்டார்.

காலமெல்லாம் தபால் பிரித்த கை அது. ஓய்வு பெற்றதும் வீட்டுப் பக்கவாட்டுக் கொட்டகையைப் பட்டறை ஆக்கிக்கொண்டார். முக்காலி, அலமாரி, செருப்பு வைக்கும் தட்டு. முன்பெல்லாம் உப்புத்தாளால் எவ்வளவு தேய்த்தாலும் எங்காவது ஒரு சொரசொரப்பு விரலில் தட்டும். முணுமுணுத்துக்கொண்டே மறுபடி தேய்ப்பார். இப்போது தட்டுவதே இல்லை. நாலு இழுப்பு இழுத்தால் போதும், கண்ணாடிதான். "கை பழகிடுச்சு. இப்பதான் மரம் என் பேச்சைக் கேக்குது" என்று பூரித்துப்போவார்.

கொடுமையைக் கேளுங்கள்: மரம் அப்படியேதான் இருக்கிறது. செத்துக்கொண்டிருப்பது விரல். பல வருஷச் சர்க்கரை நோய் நுனியிலிருந்து உணர்ச்சியைத் தின்றுகொண்டு வருகிறது. மனைவிக்கு இது தெரியும். கணவர் தூங்கும் மதிய நேரத்தில், தைத்து மிஞ்சிய வழுக்குத் துணியைப் பலகை மேல் இழுத்துப் பார்ப்பார். அடிக்கொரு தரம் நூல் மாட்டும். மாட்டிய இடத்தையெல்லாம் சத்தமில்லாமல் தேய்த்து வைத்துவிட்டு வந்து, மறுபடி தையலில் உட்கார்ந்துகொள்வார்.

பேரனுக்குச் செய்த முக்காலி மட்டும் மனைவி கைக்கு அகப்படாமல் போய்விட்டது. ஆசைதானே, அன்றைக்கே கட்டி அனுப்பிவிட்டார் தாத்தா. மகள் போனில் கூப்பிட்டாள். "அப்பா, கோவிச்சுக்காதீங்க. குழந்தைக்குத் தொடையில சிராய் ஏறிடுச்சு. துடிச்சுட்டான். இனிமே எதுவும் செஞ்சு அனுப்பாதீங்கப்பா." அன்று முழுக்க அவர் வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை. "கண்ணாடி மாதிரி இருந்துச்சே, கண்ணாடி மாதிரி இருந்துச்சே" என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள், தேய்க்கிற மெஷின் வாங்கியே தீருவேன் என்று ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் சொல்லாமல் இல்லை. "போன உணர்ச்சி திரும்பாது. ஓடுற மெஷின் பக்கமே போகாதீங்க. வெட்டினாலும் உங்களுக்குத் தெரியாது. புண்ணு அழுகிட்டா விரலையே எடுக்க வேண்டியிருக்கும். கைக்கு வேலை கொடுக்காதீங்க" என்று பாடம் மாதிரிச் சொன்னார். வழவழாவின் காது கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டது. "டாக்டரே சொல்லிட்டார், கைக்கு வேலை கொடுக்காதேன்னு. மெஷின் வாங்குன்னுதானே அதுக்கு அர்த்தம்?" என்று வக்கீல் மாதிரி வாதாடினார்.

கையில் பிடித்துத் தேய்க்கும் மெஷின் வேண்டாமாம். மேஜையில் திருகிப் பொருத்துகிற மெஷின்தான் வேண்டுமாம். மரத்தை அதனிடம் கொண்டுபோனால் போதும். அதிலும் ஓடும் உப்புத்தாள் பட்டையா, சுழலும் தட்டா? "பட்டை நீளப் பலகைக்கு நல்லது. தட்டு முனைக்கு நல்லது. ரெண்டும் சேர்ந்ததும் வருது. ஆனா அதுல மோட்டார் திணறும்னு சொல்றாங்க. பெரிசா வாங்கினா கொட்டகையில நான் எங்க நிக்கறது? தூசி உறிஞ்சற குழாய் வேற வைக்கணும்." சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இதே பேச்சு. இந்த மனுஷர் எந்த முடிவுக்கும் வராமல் இப்படியே வழவழத்துக்கொண்டிருக்கட்டும் என்று மனைவி மனசுக்குள் வேண்டிக்கொண்டார். வேண்டுதல் பலிக்கவில்லை. ஒரு நாள் காலையில் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். தனியே விடப் பயந்து மனைவியும் கூடப் போனார்.

கடைக்காரர் பட்டையும் தட்டும் சேர்ந்த மெஷினை ஓடவிட்டார். "ஓட்டிப் பாருங்க சார், தள்ளாதீங்க. லேசா வச்சா போதும், அதுவே எடுத்துக்கும்." வழவழா ஒரு கட்டைத் துண்டை இரண்டு கையாலும் பிடித்துப் பட்டையில் வைத்தார். தூள் பறந்தது. முகமெல்லாம் சிரிப்பு. "பார்த்தியா, எவ்வளவு சீக்கிரமா எடுக்குது! இதையே எடுத்துக்கலாம்" என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர் திரும்பியிருந்த நேரத்தில் பழுப்புப் பட்டையில் சிவப்பாக ஒரு கோடு ஓட ஆரம்பித்தது.

"ஐயோ! நிறுத்துங்க, நிறுத்துங்க!" மனைவி போட்ட கூச்சலில் கடைக்காரர் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். வழவழா பதறிப்போய்க் கடையைச் சுற்றிப் பார்த்தார். "யாருக்கு? யாருக்கு அடிபட்டுச்சு?"

கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மனைவி அவரை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, நகத்தோடு தோல் போயிருந்த வலது ஆள்காட்டி விரலில் கைக்குட்டையை இறுக்கிக் கட்டினார். வழவழா அரையும் குறையுமாகச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். "முதல் தடவைதானே, பிடி தப்பிடுச்சு. லேசா எரியுது பாரு. எரியுதுன்னா உணர்ச்சி இருக்குன்னுதானே அர்த்தம்? நீ அந்த டாக்டர் பேச்சைக் கேட்டுக்கிட்டு..."

"கண்ணை மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்களேன். இன்னொரு கையைக் கொடுங்க. விரலைக் கிள்ளறேன், தெரியுதா இல்லையான்னு சொல்லுங்க."

சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டு இடது கையை நீட்டினார். மனைவி தன் கைகள் இரண்டையும் மடியிலேயே வைத்திருந்தார்.

"தெரியுதா?"

"தெரியுது. நல்லாத் தெரியுது." முகத்தைச் சுளித்தார். "ஏய், நகம் படுது, விடு!" என்று சொல்லி, யாரும் பிடித்திராத கையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.