பாண்டியம்மாக்கா போட்ட எஞ்சின் சத்தம்

போன வாரம் மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரர் காலடியில் ஒரு வெற்றிலைக் கூடை. மேலே போட்டிருந்த ஈரச் சாக்கை அவர் விலக்கியதும் காரமாக ஒரு பச்சை வாசனை. எனக்கு உடனே டீசல் ஞாபகம் வந்தது. வெற்றிலைக்கும் டீசலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள்.

டிப்ளமோ முடித்த கையோடு பைபாஸ் ரோட்டில் ஒரு பட்டறையில் சேர்ந்திருந்தேன். வருகிற வண்டியின் குறையைக் கேட்டு ஜாப் கார்டில் எழுதுவது என் வேலை. அதில் 'சத்தம்' என்று ஒரு கட்டம் உண்டு. யாரும் விளக்கிச் சொல்ல மாட்டார்கள், வாயாலேயே போட்டுக் காட்டுவார்கள். பெரிய மீசை லாரிக்காரர் ஒருவர் கன்னத்தை உப்பி 'புர்ர்ர்… டொப்' என்பார். கோட்டு போட்ட மனிதர் ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்து 'கீச்' என்றார். அத்தனையையும் சிரிக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்குப் பாலிடெக்னிக்கில் பாடம் கிடையாது.

சோழவந்தானிலிருந்து ராசு அண்ணன் வந்தது அப்போதுதான். தினமும் மதுரைக்கு வெற்றிலை ஏற்றிவரும் பழைய டீசல் வேன். எஞ்சினில் சத்தம் என்று வருவது நான்காவது தடவை. முந்தைய மூன்று தடவையும் பட்டறை வாசலில் அது சமத்தாக ஓடியது. நானும் எஞ்சின் சத்தத்துக்கான காரணங்கள் அடங்கிய என் ஒன்பது அம்சப் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, பாதியிலேயே 'சத்தம் இல்லை' என்று எழுதி அனுப்பியிருந்தேன்.

இந்த முறை அவர் மனைவி பாண்டியம்மாக்காவும் வந்திருந்தார். வண்டி புரோக்கர் ஒருவர், எஞ்சின் முடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை வந்து குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாராம்.

"குடுத்துத் தொலைச்சிரலாம்னு பாக்குறேன்மா," என்றார் அண்ணன்.

"குடுங்க. மறுநா கூடைய உங்க தலையில ஏத்தி விடுறேன். பஸ்ல ஏறி வாங்க."

எனக்குப் பயமாகிவிட்டது. நான் ஒரு வரி தப்பாக எழுதினால் வேன் போய்விடும்.

"எப்படிச் சத்தம் வருதுன்னு போட்டுக் காட்டுங்கண்ணே."

அவர் வெட்கப்பட்டார். "இம்புட்டுதானா? தள்ளுங்க," என்று அக்கா முன்னால் வந்தார். வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, இடுப்பில் கை வைத்துத் தொடங்கினார். 'ட்சிக்… ட்சிக்… ட்சிக்.' வண்டி வேகமெடுத்தது. 'ட்சிக்ட்சிக்ட்சிக்.' பட்டறையில் ஸ்பேனர்கள் நின்றன. பிறகு மெல்ல மெல்லக் குறைந்து ஒன்றுமில்லாமல் போனது.

"ஏங்க்கா நிறுத்திட்டீங்க?"

"நானா நிறுத்துனேன்? அதுதான் நின்னுரும் தாயி. ஊர் எல்லை தாண்டுறதுக்குள்ள கமுக்கமாயிரும்."

மூன்று ஜாப் கார்டில் இல்லாத தகவல் அது. சத்தம் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும்தான். இருபது கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் எனக்கு எப்படிக் கேட்கும்?

மறுநாள் முதல் பஸ்ஸில் சோழவந்தான் போனேன். நான் வரும்வரை வேனை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். சாவி திருப்பியதும் அதே 'ட்சிக்'. "நான் சொன்னது சரியா இருக்கா?" என்றார் அக்கா, பரிசு வாங்க வந்தவரைப் போல. ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சின் மேல் நகர்த்திக்கொண்டே போனேன். சைலன்சர் குழாய் எஞ்சினோடு சேருமிடத்தில் காதே அடைத்தது. பக்கத்தில் மை தீட்டியதுபோலக் கரிக்கோடு. நடுவில் புகை கசியாமல் அடைக்கும் பேக்கிங் விட்டுப்போயிருந்தது. இரும்பு சூடாகி விரிந்ததும் அந்த இடுக்கு தானே அடைபட்டிருக்கிறது. எஞ்சினுக்கு ஒன்றுமில்லை; அன்றே பேக்கிங்கை மாற்றிப் போட்டேன். என் பட்டியலில் அது ஒன்பதாவது. இன்றுவரை எந்தப் பட்டியலையும் கீழிருந்தும் ஒருமுறை படிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை புரோக்கர் வந்ததை ராசு அண்ணன் போனில் சொன்னார். விடிகாலையிலேயே வந்து, எஞ்சினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாராம். அக்கா கேட்டிருக்கிறார்: "என்ன தம்பி, தேடுறீங்களா? வேணும்னா நான் போட்டுக் காட்டவா?"

இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் ஜாப் கார்டே கம்ப்யூட்டரில்தான். அதில் அந்தச் 'சத்தம்' கட்டம் இல்லை. வாடிக்கையாளர்கள் சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்புகிறார்கள், நான் இயர்போனில் கேட்கிறேன். எல்லாம் துல்லியமாகத்தான் இருக்கிறது. சத்தம் எப்போது நின்றது என்று கேட்டால், "அதான் அனுப்பிட்டேனே மேடம்," என்கிறார்கள்.